கடலடி வடமும் வானத்து வடமும்

ஆகாயத்தில் கோட்டை கட்டுவோர் எல்லா ஊரிலும் உண்டு. நம் மும்பையில் ஆகாயத்தில் வண்டியே விடப் போவதாகச் சொன்னார்கள். சிவ்ரிக் கரையில் ஏற வேண்டியது. கடலுக்கு மேலே கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே போக வேண்டியது. 14 நிமிடத்தில் எலிபண்டாத் தீவில் இறங்க வேண்டியது. தொலைவு 8 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 700 கோடி ரூபாய். பெட்டி ஒன்றுக்கு 30 பேர். கடலுக்குள் நாட்டப்படும் கோபுரங்கள் 50 மீட்டர் முதல் 150 மீட்டர் வரை உயரும். இந்தியாவில் கடலுக்கு மேல் செல்லும் முதல் கம்பிவட ஊர்தி இதுவே என்று 2017, 2018ஆம் ஆண்டுகளில் மும்பைத் துறைமுகக் கழகத்தார் அறிவித்தபோது, பத்திரிகைகள் வண்ணப்படம் போட்டு மகிழ்ந்தன. 2022ஆம் ஆண்டில் வண்டி ஓடும் என்று நாளும் குறித்தார்கள். 2022 வந்தது, போயிற்று. கடலில் ஒரு கோபுரமும் எழவில்லை.

எழாத கோபுரத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 18ஆம் நாள் பிற்பகல், கேட்வேயிலிருந்து எலிபண்டாவுக்குப் புறப்பட்ட 'நீல்கமல்' என்னும் பயணிகள் லாஞ்ச் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று பாய்ந்து மோதியது. 15 உயிர்கள் போயின. குழந்தையும் அதில் உண்டு. அன்று முதல், "கம்பிவடம் மட்டும் இருந்திருந்தால்..." என்ற பேச்சை விடுதி அறைகளிலும் சிற்றுண்டிச் சாலையிலும் அடிக்கடி கேட்கிறேன். நல்ல மனத்தோடு பேசப்படும் பேச்சு அது. ஆகவே அதற்கு விடை சொல்ல வேண்டியது கடமையாகிறது.

முதலில் எதிர்க்கட்சியின் வழக்கை நானே எடுத்துரைத்துவிடுகிறேன். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் நமக்கு இந்தத் திட்டம் வெல்லக்கட்டி போன்றது. எலிபண்டாத் தீவு நமக்குக் கிழக்கே, தென்கிழக்கே கிடக்கிறது. வானம் தெளிந்த நாளில் சிவ்ரிக் கோட்டைப் பக்கம் போய் நின்றால் அதன் இரட்டைக் குன்று தெரியும். ஆனால் அங்கே போக நாம் என்ன செய்கிறோம்? குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் வண்டி பிடித்து, சிவ்ரியைக் கடந்து, நகரின் தென்கோடிக்குப் போய் இறங்கி, கேட்வேக்கு நடந்தோ பேருந்திலோ சென்று, வரிசையில் நின்று, லாஞ்ச் ஏறி, ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டே வடகிழக்கு நோக்கித் திரும்பி வருகிறோம். காதைத் தலையைச் சுற்றித் தொடும் கதைதான்! நம் வீட்டருகே இருக்கும் சிவ்ரியிலேயே ஏறிக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இதுவரை தென்மும்பைக்கே உரியதாயிருந்த ஒரு வாயில், கூலிக்காரரும் குமாஸ்தாக்களும் வாழும் கீழைக்கரைக்கும் திறக்கும் என்பது சிறிய செய்தி அன்று. இந்த ஒரு நன்மையை நான் மறுக்கவில்லை. இதை மறவாமல் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

தீவு என்றவுடன் நமக்குக் குகை நினைவுக்கு வருகிறது. குகை என்றவுடன் அந்த மூன்று திருமுகம் நினைவுக்கு வருகிறது. மூன்று ஆள் உயரத்தில், பாறையின் இருளிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்படும் அந்தச் சதாசிவத் திருவுருவத்தைக் கண்டு பேச்சற்று நிற்காதார் யார்? ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கூறுவர். நம் மாமல்லபுரத்துக் குகைகளுக்கு மூத்தது. 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இவை எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. அந்தத் தீவில் மனிதர்கள் வாழ்கிறார்கள்!

ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என மூன்று சிற்றூர்கள். எல்லாம் சேர்ந்து ஆயிரம் பேர் அளவில் இருக்கும். தீவைக் காராபுரி என்றே அவர்கள் அழைக்கிறார்கள். 'எலிபண்டா' என்பது போர்த்துகேயர் வைத்துவிட்டுப் போன பெயர். மீன்பிடிப்பார்கள், சிறிது நெல் விளைவிப்பார்கள், குகைக்கு ஏறும் 120 படிகளின் இருமருங்கிலும் கடை பரப்பி மணிமாலையும் தொப்பியும் வெள்ளரிக்காயும் விற்பார்கள், ஏற முடியாத முதியோரை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமப்பார்கள். மாலையில் கடைசி லாஞ்ச் புறப்பட்டதும் நாம் போய்விடுகிறோம். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கினால், கடல் கடந்துதான் மருத்துவரைக் காண வேண்டும். பிள்ளைகள் மேலே படிக்க வேண்டுமென்றாலும் கடல் கடக்க வேண்டும்.

இந்த மக்களுக்கு மின்விளக்கு எப்போது வந்தது தெரியுமா? 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்! 1947இல் நாடு விடுதலை பெற்றது. எழுபது ஆண்டுகள் கழித்து, கடலுக்கடியில் ஏழரைக் கிலோமீட்டர் நீள மின்வடம் இட்டு, தீவுக்கு ஒளி தந்தார்கள். அதுவரை மாலையில் சில மணி நேரம் டீசல் எஞ்சின் ஓடும்; நின்றதும் இருள். கண்ணுக்கெதிரே, கடலுக்கு அப்பால், மும்பையின் விளக்குகள் இரவெல்லாம் கண்சிமாட்டிக்கொண்டிருக்கும். இந்தியாவின் மிகப்பெரிய செல்வ நகரத்தின் வாசலில், அந்நகரத்தின் ஒளியையே பார்த்துக்கொண்டு, இருட்டில் உண்டு உறங்கிய மூன்று தலைமுறைகள்!

அந்த மின்வடத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 25 கோடி ரூபாய். இவ்வளவு சிறிய தொகைக்கு எழுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. விருந்தாளிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு தொங்கிச் செல்லும் வடத்துக்கோ 700 கோடி. கணக்குப் பாடம் படித்த நண்பர்கள் வகுத்துப் பார்க்கட்டும். ஒன்றின் விலையில் மற்றொன்றை இருபத்தெட்டு முறை இடலாம். இரண்டும் ஒரே காலத்துப் பேச்சு என்பதுதான் இதில் வேடிக்கை. தீவில் முதல் விளக்கு எரிந்த அதே காலத்தில்தான், வானத்து வடத்தின் வண்ணப்படமும் பத்திரிகையில் வந்தது. கடலடி வடம் அங்கே வாழ்வோருக்கு. வானத்து வடம் வந்து போவோருக்கு. எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குப் பணம் உடனே பிறக்கிறது. எது கண்ணுக்குத் தெரியாமல் கடலடியில் கிடந்து வேலை செய்கிறதோ அதற்குப் பணம் பிறக்க மூன்று தலைமுறை ஆகிறது. நான் சொல்ல வந்தது உண்மையில் இவ்வளவே. எஞ்சியது எல்லாம் இதற்கு விளக்கம்.

"அப்படியானால் முன்னேற்றமே வேண்டாம் என்கிறாயா? மாட்டுவண்டியில்தான் போக வேண்டுமா?" என்று பொறியியல் படிக்கும் நண்பர் சீறுவார். சீற வேண்டாம். கம்பிவட ஊர்தியின் மேல் எனக்குப் பகையில்லை. பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004 முதல் ரோப்கார் ஓடுகிறது. முடியாதவர் அதில் ஏறுகிறார். முடிந்தவர் படியில் ஏறுகிறார். ரோப்கார் வந்தது என்று யாரும் படியை மூடவில்லை. இன்னொன்றையும் பழனிக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். அந்த ரோப்கார் நாள்தோறும் சிறிது நேரமும், மாதத்துக்கு ஒரு நாளும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதமும் பராமரிப்புக்காக நிற்கும். காற்று பலத்தால் அப்போதும் நிற்கும். நின்ற நாளில் படி இருக்கிறது, விஞ்ச் இருக்கிறது. ஒரு குன்றுக்கே இப்படியென்றால், 8 கிலோமீட்டர் திறந்த கடலுக்கு என்ன சொல்வது? ஜூன் மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று சீறத் தொடங்கினால் குடையே நிற்பதில்லை நம் ஊரில்! தீவுக்காரர் மிகவும் தனித்துப்போகும் காலம் மழைக்காலந்தான். அக்காலத்தில் படகுக்குக் கடல் தடை. பெட்டிக்குக் காற்றுத் தடை. வெயில் காலத்தில் விருந்தாளியைச் சுமந்துவிட்டு, மழைக்காலத்தில் வீட்டுக்காரனைக் கைவிடும் ஊர்தியால் யாருக்கு என்ன பயன்?

வெளிநாட்டில் இல்லையா என்பார்கள். இருக்கிறது. வியட்நாமில் பூக்கோக் தீவின் அருகே 2018இல் திறந்த கம்பிவடம் 7,899.9 மீட்டர் நீளம். உலகிலேயே மிக நீண்டது என்று புகழ் பெற்றது. நம்மவர் போட்ட கணக்கு 8 கிலோமீட்டர் என்பதைக் கவனியுங்கள். அதைவிட நூறு மீட்டர் கூட! முதலாவது, மிக நீண்டது, மிக உயர்ந்தது என்ற பட்டங்களின் மேல் நம் திட்டக்காரருக்கு இருக்கும் மோகம் தனி ஆராய்ச்சிக்கு உரியது.

சிங்கப்பூரைச் சொல்கிறேன், நம்மவர் பலர் வாழும் ஊர். அங்கே 1974இல் துறைமுகத்துக்கு மேலே செந்தோசாத் தீவுக்குக் கம்பிவட ஊர்தி விட்டார்கள். ஒன்பது ஆண்டு நன்றாக ஓடியது. 1983 ஜனவரி 29ஆம் நாள் மாலை, எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் ஒன்றை இழுவைப் படகுகள் துறைமுகத்திலிருந்து வெளியே இழுத்து வந்தபோது, அக்கப்பலின் உயர்ந்த இரும்புக் கோபுரம் வடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் வீழ்ந்தன. ஏழு பேர் மாண்டனர். நடுவானில் ஊசலாடிய பெட்டிகளில் 13 பேர் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தனர். ஹெலிகாப்டரில் கயிறு கட்டி இறங்கி ஒவ்வொருவராக மீட்டார்கள். சிங்கப்பூரின் ஒழுங்கு உலகம் அறிந்தது. அங்கேயே துறைமுகமும் தொங்குவடமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஆனால் அவர்கள் பாடம் கற்றார்கள். இன்றும் ஊர்தி ஓடுகிறது. 1992இல் தீவுக்குத் தரைப்பாலமும் போட்டுவிட்டார்கள். அங்கே வடம் நின்றால் தீவு நிற்காது.

நம் கடலைப் பாருங்கள். சிவ்ரிக்கும் காராபுரிக்கும் இடைப்பட்ட நீர் வெறும் நீர்ப்பரப்பன்று; கப்பல்கள் போய்வரும் பெருவழி. கோபுரங்கள் 150 மீட்டர் வரை உயர வேண்டும் என்பதே கப்பலுக்கு வழிவிடத்தான். வடம் செல்லும் கோட்டின் அருகிலேயே ஜவாஹர் தீவு இருக்கிறது. பழைய பெயர் புச்சர் தீவு. எண்ணெய்க் கப்பல்கள் வந்து எண்ணெய் இறக்கும் இடம் அது. பெரும் பெரும் தொட்டிகள் நிற்கும். 2017 அக்டோபரில் அங்கே மின்னல் தாக்கி ஒரு டீசல் தொட்டி தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்ததை நம் ஆண்டாப் ஹில் மாடிகளில் நின்று புகையாகக் கண்டோர் இருப்பர். வடக்கே திரும்பினால் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம். கீழே சேற்றுநிலத்தில் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து இரை தேடும் பூநாரைகள். இத்தனைக்கும் நடுவே, முப்பது முப்பது பேராக மனிதரைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது அறிவுடைமைதானா என்று கேட்பதில் பழமைவாதம் எங்கே இருக்கிறது?

வெளியூர்க் கதை எதற்கு? நம் தெருமுனைக்கே வாருங்கள். ஆண்டாப் ஹில் என்று பெயர்ப்பலகை தாங்கி, தெருவுக்கு மேலே, தூணின் தலையில் ஒரு நிலையம் நிற்கிறதே! இந்தியாவின் முதல் மோனோரயில் என்று 2014 பிப்ரவரியில் வடாலாவிலிருந்து செம்பூருக்கு ஓடத் தொடங்கியபோது நாம் எவ்வளவு குதூகலித்தோம்! பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா ஏறி இறங்கி வந்தவர்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்! அப்புறம்? 2017 நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தில் இரண்டு பெட்டிகள் தீக்கிரையாயின. பல மாதம் ஓட்டமில்லை. 2019இல் சாத் ரஸ்தா வரை நீட்டினார்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கூட்டம் வரவில்லை. ஏன் வரவில்லை? மக்கள் போக விரும்பும் இடத்துக்கு அது போகவில்லை. மக்கள் ஓடும் நேரத்துக்கு அது ஓடவில்லை. பிறகு 2025 ஆகஸ்ட் 19ஆம் நாள் பெருமழையில் ரயில்கள் நின்றபோது, போக்கற்ற மக்கள் அதில் முண்டியடித்து ஏறினார்கள். மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் இடையில், நடுவானில் வண்டி நின்றது. அளவுக்கு மீறிய பாரத்தால் மின்தொடர்பு அற்றது என்று பிறகு விளக்கம் வந்தது. உள்ளே 500க்கு மேற்பட்டோர்; காற்றில்லை, விளக்கில்லை. தீயணைப்புப் படையார் நெடிய ஏணி வைத்துக் கண்ணாடியை உடைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். அடுத்த மாதம் 15ஆம் நாள் நம் ஆண்டாப் ஹில் அருகிலேயே மீண்டும் நின்றது. 20ஆம் நாள் முதல் ஓட்டத்தை நிறுத்திச் சீர்திருத்தம் செய்யப் போவதாக அறிவித்தார்கள்.

இதில் நான் யாரையும் ஏளனம் செய்யவில்லை. இயந்திரம் பழுதாவது இயல்பு. ஆனால் அன்றிரவு ஏணி வைக்கக் கீழே தெரு இருந்தது. கடலுக்கு நடுவே, 100 மீட்டர் உயரத்தில், காற்று உலுக்கும் பெட்டிக்கு எந்த ஏணியைச் சார்த்துவது? 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டில் தேவ்கருக்கு அருகே திரிகூட மலையில் கம்பிவட ஊர்தி பழுதாகி, பயணிகள் இரண்டு இரவு தொங்கிக் கிடந்ததையும், மூவர் இறந்ததையும், விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்டதையும் நாடு கண்டது. அதன் கீழே மலையும் காடும் இருந்தன. இங்கே அலை.

இனி அந்தப் பதினைந்து உயிர்களுக்கு வருவோம். 'நீல்கமல்' மூழ்கியது எதனால்? கடலால் அன்று, புயலால் அன்று. அமைதியான கடல், பட்டப்பகல். பயணிகள் போகும் வழியிலேயே ஒரு விரைவுப் படகு சோதனை ஓட்டம் ஓடியது. லாஞ்சில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தனர். பெரும்பாலோர் உடலில் உயிர்காப்புச் சட்டை இல்லை. எல்லோரும் அணிந்தே தீர வேண்டும் என்ற ஆணை, உயிர்கள் போன பிறகே கடுமையாக வந்தது. இவற்றில் எதைத் தீர்க்க 700 கோடி வேண்டும்? எண்ணி ஏற்று, சட்டை மாட்டு, சோதனை ஓட்டத்துக்கு வேறு நீர் ஒதுக்கு. இவை காசு கேட்கும் காரியங்கள் அல்ல; கவனம் கேட்கும் காரியங்கள். கவனிக்காத கை, கடலில் படகை விட்டாலும் கவனிக்காது. வானத்தில் பெட்டியை விட்டாலும் கவனிக்காது. மோனோரயிலில் ஏறிய கூட்டத்தை யார் எண்ணினார்கள்?

படகுக்காரரைப் பற்றியும் ஒரு சொல். கேட்வேயில் நூலேணி போல ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டிய லாஞ்சுகளில் தாவித் தாவி ஏறியிருக்கிறோமே, கைகொடுத்து ஏற்றிவிட்ட அந்தத் தொழிலாளர்களுக்கு வடம் வந்த பிறகு என்ன வேலை? கூட்டம் குறைந்தால் நடைகள் குறையும். நடைகள் குறைந்தால் தீவுக்காரனுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவரும் போக்குவரத்தும் தேயும். கம்பிவடப் பெட்டியில் அரிசி மூட்டை ஏற்றுவார்களா? மீன்கூடையோடு வரும் அம்மாளை, வேடிக்கை பார்க்க வந்தவரோடு சேர்த்து உட்கார விடுவார்களா? நம் தாராவித் தாய்மார்கள் கூடையோடு பஸ் ஏறும்போது நடத்துநர் முகம் போகும் போக்கைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேவை இருந்து கட்டுவது வேறு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30ஆம் நாள் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம். 37 கோடி ரூபாய். ஆடம்பரம் என்று அதையும் சொல்லலாம். கண்ணாடி எதற்கு, காங்கிரீட் போதாதா என்று நானும் சொல்வேன். ஆயினும் அங்கே ஒரு காரணம் இருந்தது. கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைப் பாறைக்குப் படகு அணைய முடியாது. எத்தனையோ நாள் மக்கள் தொலைவில் நின்று கும்பிட்டுத் திரும்பினார்கள். படகால் முடியாததைப் பாலம் செய்தது. கரையிலிருந்து பாறைக்குப் படகுகள் இன்னும் ஓடுகின்றன. காராபுரியில் படகால் முடியாதது என்ன? படகைச் செம்மையாக விட்டுப் பார்த்துவிட்டல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

வடத்தை நம்பிக் கெட்ட வரலாறும் அத்தீவுக்கு உண்டு. போர்த்துகேயர் அதற்கு 'எலிபண்டா' என்று பெயரிட்டது, கரையருகே நின்ற ஒரு பெரிய கல்யானையைக் கண்டு. 1864இல் அந்த யானையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஆங்கிலேயர் ஆசைப்பட்டனர். பாரந்தூக்கியில் மாட்டித் தூக்கினார்கள். பாரந்தூக்கி முறிந்தது, யானை விழுந்து துண்டு துண்டாயிற்று. துண்டுகளை மும்பைக்குக் கொண்டுவந்து போட்டு, ஐம்பது ஆண்டு கழித்து 1914இல் ஒட்டி நிறுத்தினார்கள். இன்றும் பைகுலாவில் பாவு தாஜி லாட் அரும்பொருட்சாலையின் பக்கம் ஒட்டுப்போட்ட உடம்போடு நிற்கிறது. விலங்குக்காட்சிக்குப் போகும் நம்மவர் பெங்குவினைப் பார்க்க ஓடுகிறார்கள். யானையைப் பார்ப்பார் இல்லை. போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

குகைக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மண்டபம் பெரியதுதான். ஆனால் எல்லையில்லாதது அன்று. ஒரு மணி நேரக் கடற்பயணம் ஒரு சல்லடை போல வேலை செய்கிறது; பார்க்க வேண்டும் என்ற ஆவல் உள்ளவரைச் சிறிது சிறிதாகத்தான் உள்ளே விடுகிறது. 14 நிமிடத்தில் முப்பது முப்பதாகக் கொட்டினால் அந்த இருளும் அமைதியும் என்னவாகும்? கல் தாங்கும், அதை நான் அஞ்சவில்லை. போர்த்துகேயர் காலத்துச் சிதைவையே தாங்கி நிற்கும் கல் அது. காண்பவனுக்குக் காட்சி கிடைக்குமா என்பதே ஐயம். ஆனால் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். உழைத்துக் களைத்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டுப் பார்க்கவும் உரிமை உண்டு. கலை ரசிகர்களுக்கு மட்டும் சிவபெருமான் பட்டா எழுதித் தரவில்லை!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தொடக்கத்தில் மறவாமல் வைத்துக்கொள்வோம் என்று சொன்ன அந்த நன்மையை எடுத்துக்கொள்வோம். கீழைக்கரைக்கு ஒரு வாயில் வேண்டும். வேண்டும்தான். அதற்கு வானத்தில் வழி எதற்கு? சிவ்ரியிலேயோ, தெற்கே மஜ்காவில் பாவுச்சா தக்காவிலேயோ நல்ல படகுத்துறை அமைத்து, அங்கிருந்து காராபுரிக்கு நேரே லாஞ்ச் விடலாம். பாவுச்சா தக்கா பழகிய துறை. கொங்கணக் கரைக்குப் போவோர் காலங்காலமாக ஏறி இறங்கும் இடம். அதன் அருகிலிருந்து 2020 முதல் மாண்டுவாவுக்குக் காரை ஏற்றிக்கொண்டு செல்லும் பெரிய கப்பலே ஓடுகிறது. சிவ்ரிக் கடல் ஆழமற்றது, சேறு நிறைந்தது என்பார்கள். உண்மை. ஆனால் அந்தச் சேற்றில் 150 மீட்டர் கோபுரத்துக்கு அடித்தளம் இட முடியும் என்றவர்களுக்கு, ஒரு படகுத்துறைக்குத் தூர்வார முடியாதா? அதே சிவ்ரியிலிருந்துதான் 2024 ஜனவரியில் 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேதுவையே கடலுக்கு மேல் கட்டி முடித்தார்கள். ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாலமும் காரில் போவோருக்குத்தான். பஸ் சில போகின்றன. நடந்து போகவோ சைக்கிளில் போகவோ இடமில்லை என்பது வேறு கதை. தெற்கே ரேடியோ கிளப் அருகில் புதிய படகுத்துறை கட்ட 2025இல் 229 கோடி ரூபாயில் வேலை தொடங்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தீவின் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. முதலாவது, இரவு பகல் எந்நேரமும் புறப்படத் தயாராக நிற்கும் ஒரு மருத்துவப் படகு. அடுத்தது, மாணவர் பயணம். காலையில் போய் மாலையில் திரும்பும் காராபுரிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத படகு. மழைக்காலத்தில் எந்தக் கரை அருகில் இருக்கிறதோ அந்தக் கரைக்கு, அதாவது உரண் பக்கத்துக்கு, நம்பத்தக்க போக்குவரத்து. நாம் மும்பைக்காரர் ஆதலால் 'கரை' என்றாலே நம் கரைதான் என்று எண்ணிக்கொள்கிறோம். காராபுரி ராய்கட் மாவட்டத்தில் உரண் தாலுகாவைச் சேர்ந்தது. அவர்களுடைய தாலுகா அலுவலகமும் சந்தையும் தெற்கே இருக்கின்றன. சிவ்ரிக்கு இட நினைத்த வடம், அவர்கள் அன்றாடம் போகும் திசையை விட்டு வேறு திசையில் போகிறது என்பதைத் திட்டம் தீட்டியவர் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

இவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால், காற்றையும் கப்பலையும் கணக்குப் பார்த்துத் தேர்ந்த பொறியாளர் சரி என்றால், வடமும் வரட்டும். முதல் பெட்டியில் நானே ஏறிக் கைதட்டுகிறேன். அதிலும் ஒன்று: மூன்று ஊராரின் பஞ்சாயத்தைக் கூட்டி, அவர்கள் மொழியிலேயே திட்டத்தைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிய பின்னரே முதல் தூண் நடலாம்.

நம் மன்றத்து நண்பர்களில் கட்டடப் பொறியியலும் கப்பற்கலையும் பொருளாதாரமும் பயில்வோர் இருக்கிறார்கள். மராத்தி நன்கு அறிந்தவர்களும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு அதில் குறைவில்லை. ஒரு விடுமுறை நாளில் பத்துப் பேர் போவோம். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், பிறர் போகமாட்டார்கள். அந்த ஊரார் விருந்தாளிகளை மறந்து தம் வேலையைப் பார்க்கும் நாள் அது. எப்படிப் போவது என்று அவர்களையே கேட்டு, அவர்கள் படகில் மோராபந்தருக்குப் போய், வீடு வீடாகக் கேட்டு எழுதிவருவோம். பால் எங்கிருந்து வருகிறது, மருந்து எவ்வளவு நேரத்தில் வருகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் படகில்லை, கடைசியாக யாரை எப்போது இரவில் கடல் கடத்தினார்கள். அந்தக் குறிப்பை அடுத்த இதழில் வெளியிடுவோம். வர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். உயிர்காப்புச் சட்டை அணிய மறுப்போருக்கு இடமில்லை.